டைல்ஸுக்குக் கீழே இருந்த மூடி

பண்டமாரானில் எங்கள் வீடு பழையது. பொதுக் கழிவுக் குழாயோடு இணைப்பு இல்லை. பின்பக்கம் தனியாகச் செப்டிக் டேங்க் உண்டு. கணவருக்குப் பக்கவாதம் வந்த இரண்டாம் வருடம், ஒரு காலையில் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை. மதியத்துக்குள் குளியலறைத் தரையிலும் கறுப்புத் தண்ணீர் ஏறிவிட்டது.

டேங்க் உறிஞ்சும் லோரிக்காரரை வரச் சொன்னேன். அவர் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"மூடி எங்கக்கா?"

"டைல்ஸுக்குக் கீழ."

"எந்த இடம்னு தெரியாம ஒண்ணும் செய்ய முடியாது லா. கண்டுபிடிச்சு வைங்க. நாளைக்குக் காலையில வரேன்."

அந்த டைல்ஸ் கணவர் தன் கையால் ஒட்டியது. நோய் வருவதற்கு முன் அவர் செய்த கடைசி வேலை அதுதான். அப்போது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்; மூடி எங்கே போனது என்று கவனிக்கவில்லை. அவரிடம் கேட்டேன். சக்கர நாற்காலியில் இருந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். உடைக்காத."

"நீங்க கஷ்டப்பட்டுப் போட்டதுதான். எனக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு டாய்லெட்டுக்கு நீங்க எங்க போவீங்க?"

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

கழிவறைக் குழாய் வெளியே வரும் சுவரிலிருந்து தொடங்கி, சுத்தியலின் மரப்பிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்தேன். வெயில் முதுகைச் சுட்டது. முட்டி வலித்தது. எல்லாமே கெட்டியான சத்தம். வேலி வரை தட்டிவிட்டுத் திரும்பி அடுத்த வரிசையை ஆரம்பித்தேன். எல்லாக் கல்லையும் உடைக்க வேண்டி வந்தாலும் உடைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

பின்வாசலில் சக்கரம் உருளும் ஓசை கேட்டது. கணவர் இடது கையால் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"அங்க இல்ல. பைப்புக்குக் கிட்ட."

தண்ணீர்க் குழாயடியில் தட்டினேன். கீழே வெற்றிடம் இருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவரைப் பார்த்தேன்.

"உடை" என்றார், தெளிவாக.

ஆறு கற்கள் போயின. சிமெண்டுக்கு அடியில் இரும்பு வளையம் தெரிந்ததும் நிறுத்தினேன்.

மறுநாள் லோரிக்காரர் மூடியைத் தூக்கும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். "எட்டிப் பாக்காதீங்க அக்கா, விஷக் காத்து." கசடை உறிஞ்சி முடித்தபின், கழிவறைக் குழாய் டேங்குக்குள் வரும் வாயிலிருந்து கொக்கியால் ஒரு சாம்பல் நிறப் பொதியை இழுத்துப் போட்டார்.

"வெட் டிஷ்யூ. கரையவே கரையாது. யாரு போடுறது?"

கணவரைத் துடைத்துவிட்டு ஒரு வருடத்துக்கு மேலாக நான்தான் அந்த ஈரத்தாளைக் கழிவறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கழிவறையில் போடலாம் என்று பாக்கெட்டின் மேல் எழுதியிருந்ததை நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நான்தான். இனிமே போட மாட்டேன்."

அன்றே கழிவறையில் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைத்தேன். டேங்க் மூடியை இனி மறைப்பதில்லை என்றும் கணவரிடம் சொல்லிவிட்டேன். அதன் ஓரங்களை மட்டும் புதுக் கல்லால் நானே ஒட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"கோணல்" என்றார்.

சிமெண்ட் காய்வதற்குள் பெயர்த்து மறுபடி வைத்தேன்.