வெள்ளைப் பூ வந்தால் சென்னை

கல்லூரி மாணவர்கள் மூன்று வருடத்தில் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. அவர்கள் வளர்ந்து போய்விடுகிறார்கள். ஆராய்ச்சி அங்கேயே நிற்கிறது. திருத்தணியில் உளவியல் வகுப்பை முடித்துவிட்டு, சென்னை திரும்பும் மின்சார ரயிலில் உட்கார்ந்து, யார் யாருக்குச் சொந்தமாக முடிவெடுக்கத் தெரிகிறது என்று மதிப்பெண் போடுவேன். என் தலைப்பையே கைடுதான் முடிவு செய்தார். அதை நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்து மாணவி ஒருத்திக்குச் சென்னையில் எம்.எஸ்சி. இடம் கிடைத்தது. அவள் அப்பாவோ அத்தை மகனுக்குக் கட்டிவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காகப் பேட்டி எடுத்தபோது, என்ன முடிவு செய்திருக்கிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"மலைக்குப் போயி பூ போட்டுப் பாக்கலாம்னு நைனாகிட்ட சொல்லிகினு இருக்கேன் மேடம். வெள்ளை வந்தா படிப்பு, செவப்பு வந்தா பாவா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூவைப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பதற்கா இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்? உன் வாழ்க்கை உன் கையில் என்று நீளமாகப் பிரசங்கம் செய்தேன். "ஆங் மேடம்" என்று பணிவாகத் தலையாட்டினாள். அவள் போனதும் ஆகக் குறைந்த மதிப்பெண்ணைப் போட்டேன்.

அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடி வந்தாள். வெள்ளைப் பூ வந்துவிட்டதாம். அப்பாவே டி.சி. வாங்க வந்திருக்கிறாராம்.

"செவப்பு வந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பே?"

"எப்படி மேடம் வரும்? ரெண்டுலயும் வெள்ளைதான் வெச்சிக் கட்னேன். நைனா ஒண்ணு எடுத்தாரு. இன்னொண்ண அவரு பிரிக்கறதுக்குள்ள உண்டியல்ல போட்டுட்டேன்."

நான் திறந்த வாயை மூடுவதற்குள் அவள் அப்பா உள்ளே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சிக்கு வாக்கு குடுத்துட்டேன் மேடம். இப்ப அவ எங்கூட பேசறதே இல்ல. ஆனா முருகன் சொன்னதுக்கு மேல நான் யாருங்க? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. சாமி சொன்னது சரிதானுங்களே?"

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்ன சொல்வதென்று யாராவது வந்து எனக்குச் சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"சரியாத்தாங்க சொல்லியிருக்காரு" என்றேன்.