வயர் தொங்காத காது

என் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நாதஸ்வரக்காரர் ஒரு வரியை முடித்து அடுத்ததை எடுக்கும் முன் மூச்சு இழுப்பாரே, அது எனக்குக் கேட்கும். தவிலில் விரல் விழும் பக்கத்தையும் கம்பு விழும் பக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வேன். இந்தப் பைத்தியம் பிடித்த நாற்பது பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எந்த இயர்போனில் மேல்ஸ்தாயிச் சத்தம் அதிகமாகக் குத்துகிறது என்று நாள்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

மண்டபம் ஊரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வீடு கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். முதலில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்திருந்தேன். உப்புக்காற்று விடுமா? இரண்டே வருடத்தில் பின்னால் வயர் சொருகும் இடமெல்லாம் பச்சையாகக் களிம்பேறி, ஒரு பக்கம் கரகரவென்று இரைந்தது. துடைத்துத் துடைத்துச் சலித்துப்போய் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டு இயர்போனுக்கு மாறினேன். நல்ல கனமான பின்னல் வயர், நெஞ்சு வரை தொங்கும்.

அந்த வயருக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. என் மனைவி போட்ட சட்டம். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, சட்டம் போடாமல் இருக்க மாட்டாள். வயர் தொங்கினால் என்னைக் கூப்பிடக் கூடாது, தோளைத் தொட வேண்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியவள் கண்டுபிடித்த வழி அது.

அம்மா இறந்த பிறகு அப்பாவை எங்களோடு கூட்டி வந்தோம். நாங்கள் அவரை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் மானாவாரி மிளகாயும் பத்து ஆடுமாக வாழ்ந்தவர். ஆடுகளைப் பங்காளி வீட்டில் விட்டுவிட்டு ஒரு பையோடும் ஒரு டிரான்சிஸ்டரோடும் வந்தார். வந்த அன்றே கடலைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு மொளகாச் செடிக்கு ஊத்த ஏலலையே" என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அவள்தான் அவருக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தாள். "காதுல ஒயரு தொங்குனா அவுகளுக்கு ஒண்ணும் கேக்காது மாமா. தொட்டுச் சொல்லுங்க." அய்யா என்னைத் தொட மாட்டார். வளர்ந்த மகனைத் தொட்டுப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. அதனால் நான் வயரைக் கழற்றும் வரை கதவோரம் காத்து நிற்பார். கழற்றியதும் "ஒண்ணுமில்ல, கரண்டு எப்ப வரும்னு கேக்க வந்தேன்" என்பது மாதிரி ஏதாவது சொல்வார். கால் மணி நேரம்கூட அப்படி நின்றிருக்கிறார். பார்த்தும் பார்க்காத மாதிரி நான் பாட்டை முடித்திருக்கிறேன்.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் இருப்பது எனக்குத் தொந்தரவாக இருந்தது. காறிக் காறிச் செருமுவார். டிரான்சிஸ்டரை ஸ்டேஷனுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்தி, இரைச்சலோடு இரைச்சலாகச் செய்தி கேட்பார். பொறுக்க முடியாமல் ஒருநாள் நானே போய்த் திருகிச் சரிசெய்தேன். "எதுக்குப்பா, வெளங்குதுல்ல" என்றார். மறுநாள் அது பழைய இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் குழுவில் வயர் இல்லாத இயர்போனை யாரும் மதிக்க மாட்டார்கள். புளூடூத்தில் வருகிற இசை கசக்கிப் பிழிந்த சக்கை என்று நானே அங்கே பக்கம் பக்கமாக எழுதியவன். அப்படிப்பட்டவன் ஒன்று வாங்கினேன். வெளியிலிருந்து வரும் சத்தத்தை அடக்கிவிடும் வசதி உள்ளது. காற்று இரைச்சல் தாங்கவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். காற்று இருக்கட்டும், அய்யாவின் டிரான்சிஸ்டர் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் வாங்கினேன். புளியங்கொட்டை அளவில் இரண்டு கறுப்புக் குமிழ். காதுக்குள் சொருகியதும் செருமல், டிரான்சிஸ்டர், கடல் எல்லாம் போயே போய்விட்டன. அப்படி ஒரு நிம்மதி.

புதுக் குமிழைப் பற்றி அய்யாவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். நான் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கல்யாணி ராகம் கேட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் மேலே ஏறி, ஓர் இடத்தில் நின்று, அப்படியே குழைந்து இறங்கியது. ஆஹா என்று தலை தானாக ஆடியது. முகம் மலர்ந்திருக்கும், கண் பாதி செருகியிருக்கும். நல்ல இசை கேட்கும்போது தலையாட்டாமல் இருக்க நம்மில் யாரால் முடியும்?

மறுநாள் காலையில் அய்யா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி பதறிப்போய்க் காரணம் கேட்டாள். ஆடுகளைப் பார்க்க வேண்டும் என்றார். "என்னய்யா திடீர்னு?" என்றேன். "நேத்தே சொன்னேன்லப்பா" என்றார். என்னிடம் சொன்ன ஞாபகம் இல்லை. வேறு எதையாவது நினைத்துப் பேசுகிறார், வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். அவரைத் தடுக்க எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ராமநாதபுரம் வரை கூடப் போய் முதுகுளத்தூர் பஸ்ஸில் உட்கார வைத்தேன். எங்கள் பக்கம் கிளம்புகிறவர்கள் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்தபடி இருந்தார். டிரைவர் ஹாரன் அடித்த சத்தத்தில் எனக்கும் அது உறைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு வீடு முதுகுளத்தூரிலேயே. அய்யாவுக்கு வாரம் இரண்டு நாள் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பவள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டா, அய்யா போறேன்னதுல அம்புட்டுச் சந்தோசமாடா ஒனக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அய்யா அவளிடம் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். "காதுல ஒயரு இல்லாத நேரமாப் பாத்துத்தான் கேட்டேன். நான் ஊருக்கே போயிறட்டுமாப்பான்னேன். சிரிச்ச மொகமாத் தலையாட்டிட்டான். அதுக்கு மேல அங்கன என்ன இருக்கு?"

ஆட்டுக்காக ஒன்றும் அவர் கேட்கவில்லை. இருங்கய்யா என்று நான் ஒரு வார்த்தை சொல்வேனா என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறார்.

மறு வாரமே ஊருக்குப் போனேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அய்யா கருவேலமர நிழலில் ஆடுகள் தின்ன இலைக்குழை கட்டிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். நான் அந்தக் கறுப்புக் குமிழ்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். இதற்கு வயர் கிடையாது, அன்று இது என் காதில் இருந்தது, நீங்கள் கேட்டது எனக்குக் கேட்கவே இல்லை, பாட்டுக்குத்தான் தலையாட்டினேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானே அவர் காதில் வைத்துவிட்டேன். அதே கல்யாணியைப் போட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று கழற்றிக் கையில் கொடுத்தார். "இத வச்சுக்கிட்டா நான் பேசுறது எங்கிட்டுக் கேக்கும்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "அப்பக் கெளம்புங்கய்யா, சேந்தே போவோம்" என்றேன்.

அவர் குழையைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏப்பா, அன்னைக்கு அது காதுல இல்லாம இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

இருங்கய்யா என்றுதான் சொல்லியிருப்பேன் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தானே பஸ் ஏறி வந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை நான் உண்மையில் என்ன சொல்லியிருப்பேன் என்று என் மனம் யோசிக்கப் போய்விட்டது. நாலைந்து நொடிதான் இருக்கும். பிறகு சொன்னேன். "இருங்கன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அய்யா வேட்டியில் ஒட்டியிருந்த குழையைத் தட்டிவிட்டார்.

"சரிப்பா. பன்னெண்டு மணி பஸ்ஸு போச்சுன்னா அடுத்து மூணுக்குத்தான். நீ வெரசாக் கெளம்பு" என்றார்.