என்னைக் கேளாமல் செய்த பொருத்தனை

நான் பிறப்பதற்கு முன்பே டாக்டராகிவிட்டேன். சிரிக்காதீர்கள் சபையாரே, ராஜபாளையத்தில் நம் சபையின் பழைய ஆட்களுக்கு இது தெரியும். எனக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அம்மாவுக்குத் தங்கவில்லை. நான் வயிற்றில் குறுக்கே கிடந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் கொண்டுபோனார்கள். அந்த வண்டியில் அம்மா, "பொட்டப்பிள்ளையா உசுரோட வந்தா, டாக்டராக்கி இதே ஆஸ்பத்திரிக்கு விட்டுருதேன் ஆண்டவரே" என்று வாய்விட்டுப் பொருத்தனை செய்தாள்.

சபையே அதைத் தன் பொருத்தனையாக எடுத்துக்கொண்டது. எனக்குப் பால்பல் விழும் முன்பே 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள். நானும் பெருமையாகப் பிடித்துப் பார்ப்பேன். ஆனால் எனக்குப் பிடித்தது கணக்கு. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டால் எனக்குச் சோறு வேண்டாம்.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், இன்டர்மீடியட் முடித்ததும், வடக்கே பெண்கள் மருத்துவப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சபையார் ஸ்டேஷனுக்கு வந்து பாட்டுப் பாடி ரயில் ஏற்றினார்கள்.

அங்கே பிணத்தைக் கண்டு நான் பயப்படவில்லை. உயிரோடு இருந்தவர்களைக் கண்டுதான் பயந்தேன். வார்டில் ஒரு தாய் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையக் காப்பாத்துங்கம்மா" என்றபோது தலைப்பை விடுவித்துக்கொண்டு பின்வாங்கினேன். மற்ற மாணவிகள் அவளிடம் குனிந்து ஆறுதல் சொன்னார்கள். நான் சுவரோரம் நின்றேன். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து வார்டு வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன். "ஆண்டவரே, இந்தப் படிப்பை எனக்குப் பிடிக்க வையும்" என்று முழங்காலில் நின்று அழுதேன். தினமும் அதே ஜெபம். பிடிக்கவில்லை. வேதத்தில் சொல்கிறபடி, என் தலைக்கு மேல் வானம் வெண்கலமாக அடைத்துக் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. "காலேஜில் பி.ஏ. கணக்குப் படிக்கிறேன்" என்றேன். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "ஏட்டி, ஆண்டவர்கிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

சபை என்னைக் கைவிடவில்லை. அதுதான் கொடுமை. ஜெபக்கூட்டத்தில் என்னை நடுவில் முழங்காலிட வைத்து, தலையில் கைவைத்து, நான் வைத்தியப் படிப்புக்குத் திரும்ப வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்கள். வஞ்சகம் இல்லாத ஜனங்கள். ஆனாலும் ஒவ்வொரு ஆமெனும் என்மேல் மண்ணை அள்ளிப் போட்டது போல இருந்தது. அத்தனை பேரும் ஒன்றைக் கேட்கும்போது, என் ஒருத்தியின் ஜெபம் எங்கே ஏறப்போகிறது?

கோடையில் மதராஸில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு மனுப் போட்டேன். குருவானவரின் நற்சாட்சிப் பத்திரம் வேண்டும் என்றார்கள். எங்கள் குருவான ஐயர் நல்லவர், ஆனால் பேனாவைத் தொடவில்லை. "பொருத்தனைய முறிக்கிற காரியத்துக்குக் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஆண்டவரோட நியாயாசனத்துக்கு முன்னால நானும்லா நிக்கணும்?" என்றார். கல்லூரி திறந்தது. என் இடம் வேறொருத்திக்குப் போயிற்று. மருத்துவப் பள்ளியிலும் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

அந்த வருஷம் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்டால், படுத்துக் கிடந்தேன். ஜெபிப்பதையும் விட்டேன். கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. செத்தால் தேவலை என்று நினைத்ததும் உண்டு. அம்மா கஞ்சியை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

மறு கோடை வந்தது. இன்னொரு தரம் மனுப் போடு என்றார் அப்பா. ஐயர் மாற மாட்டார் என்று தெரியும். அப்பா முகத்துக்காகத்தான் போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்துகிறவர்கள் முன்னே வரலாம் என்று ஐயர் சொன்னதும் அம்மா எழுந்து போனாள். கையில் ஒன்றும் இல்லை.

"பொருத்தனையச் செலுத்த வந்திருக்கேன் ஐயரே" என்றாள்.

"அதுக்கு உங்க மகள்லா படிக்கப் போகணும்?" என்றார் ஐயர்.

"அன்னைக்கு வண்டியில வாய் தொறந்தது நானா, வயித்துல கெடந்த பிள்ளையா? நேந்தவ நான் இருக்கையில அவள எதுக்குக் கேக்கணும்? எனக்கு டாக்டர் வேல தெரியாது. துணி அலசத் தெரியும். பொறந்த பிள்ளையக் குளிப்பாட்டத் தெரியும். நாளைக்குக் காலையில வாரேன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டேன். சீவன் உள்ளமட்டும் போவேன். அது போதாதுன்னா ஆண்டவர் என்கிட்டச் சொல்லட்டும்."

ஆராதனை முடிந்ததும், ஐயர் அங்கியைக்கூடக் கழற்றாமல் நற்சாட்சி எழுதிக் கொடுத்தார்.

எனக்கு இடம் கிடைத்தது. மதராஸுக்குப் புறப்பட்ட அன்று அம்மாவும் நானும் ஒரே ரயிலில் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் தூக்குச்சட்டியோடு அவள் இறங்கினாள். "நல்லாப் படிச்சிட்டு வா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் விருதுநகர் வரை அழுதேன்.

இன்று நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். சென்ற அறுப்பின் பண்டிகை வரை அம்மா வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு படுத்தவள் எழவில்லை. அடக்கத்துக்கு மம்சாபுரத்திலிருந்தெல்லாம் பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எனக்கு ஒருவரையும் தெரியாது. எல்லாம் அம்மா குளிப்பாட்டின பிள்ளைகள்.

ஆண்டவரே, என் மனதை மாற்றும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் என் அம்மாவை எழுப்பினார். ஆகையால் சபையாரே, ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். வாய் வலித்து நீங்கள் விட்டுவிட்டாலும், உங்கள் முன்னால் கஞ்சியை வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிற ஒருத்தியிடம் ஆண்டவர் பேசிக்கொண்டிருப்பார்.