வெளிய வானம் எப்படி?

நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதைச் சொல்லி நான் வாங்காத பேச்சா? ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கென்டக்கி மலையில், ரோவன் ஃபோர்க் நிலக்கரிச் சுரங்கத்து வாசலில் எனக்கு வேலை. உள்ளே இருப்பவர்களோடு போனில் பேச வேண்டும். சுவரில் தொங்கும் காற்றழுத்தமானியைக் கவனிக்க வேண்டும். அதன் முள் சரிந்தால், பழைய குடைவுகளில் அடைந்து கிடக்கும் வாயு கசிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு பொறி போதும். எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான் உள்ளே இருப்பவன் போனில் முதலில் வானத்தைப் பற்றிக் கேட்பான்.

அன்று நவம்பர் கடைசி. மதியம் மூன்று மணிக்கே மலை இடுக்கு இருட்டிவிட்டது. முள் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே ஐந்து பேர். அதில் ஒருவர் என் அண்ணன் கிளெல்.

3:20. போன் அடித்தது.

"டேய் எர்சல், வெளிய வானம் எப்படிடா?"

"மோசம்ணே. முள்ளு சரசரன்னு இறங்குது. எல்லாரையும் கூட்டிட்டு வந்துடு."

"நல்லதாப் போச்சு. இன்னும் நாலு வண்டி ரொப்பிட்டு வர்றோம்."

வைத்துவிட்டார். கிண்டல் என்றுதான் நினைத்தேன். அண்ணனுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் முள் இறங்குவது நிற்கவில்லை.

நானே திரும்பக் கூப்பிட்டேன். கூட வேலை பார்க்கும் ஆர்லி எடுத்தான்.

"ஆர்லி, புயல் வருது. விளையாடாதீங்க. வாங்க."

"வெயிலா? குடுத்து வச்சவன்டா நீ. நாங்க இங்க கரியத் தின்னுட்டுக் கெடக்கோம்."

சிரித்தான்.

நான் வெயில் என்று சொல்லவே இல்லை...

உள்ளே போகும் மின்சாரத்தை நிறுத்தினேன். கரண்ட் போனால் ஆட்கள் வெளியே வந்தாக வேண்டும். போனுக்கு மட்டும் தனி பேட்டரி.

3:41. போன். மறுபடி அண்ணன்.

"கரண்டு வர அஞ்சு நிமிஷமா? சரி, உக்காந்திருக்கோம். நிதானமாப் பாரு."

"அண்ணே... நான் எதுவும் சொல்லலைண்ணே... நடுவுல வேற யாரோ..."

"ம்... ம்... சரிடா."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் இன்னும் "ம்" போட்டுக்கொண்டிருந்தார்.

போனைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ரெண்டு மைல் போக வேண்டும். தலை கூரையில் இடித்தது. ஓடினேன்.

எதிரே விளக்குகள்.

நாலுதான்.

"அண்ணன் எங்க?"

ஆர்லி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீதானடா இருக்கச் சொன்னே?"

மலைமேல் இடி விழுந்தது. தரைக்குக் கீழேயே கேட்டது.

அடுத்து... டம்.

காற்று எங்களைத் தூக்கி அடித்தது.

அண்ணனை மூன்றாம் நாள்தான் வெளியே எடுத்தார்கள். அடக்கம் முடிந்ததும் ஆர்லி என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"கடைசியா நீ போன்ல சொன்னத அண்ணிகிட்ட நான் சொல்லலை," என்றான்.

"எப்போ?"

"நாங்க கிளம்பும்போது. 'நீங்க நாலு பேரும் வாங்க, அண்ணன் மட்டும் இருக்கட்டும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்'னியே."

அந்த நேரம் நான் இருட்டில் பாதி வழி ஓடியிருந்தேன். வாசலில் ஒரு ஆளும் இல்லை.

"அண்ணன் என்னடா சொன்னாரு?"

ஆர்லி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாங்க எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தோம். 'தம்பி வர்றான், என்னைக் காணோம்னா பயந்துடுவான்'னு அங்கயே உக்காந்துட்டாரு."