இடது கால்

என் மாமியார் பூவம்மாளுக்கு வலது பக்கம் விழுந்துபோனது தை மாதக் கடைசியில். விடியற்காலையில் பால் கறந்துகொண்டிருந்தவர் சொம்போடு சாய்ந்துவிட்டார். செவிலிமேட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அவர் ஊற்றிய பால்தான். மாகறலில் பிறந்து, கல்யாணமாகி இங்கே வந்து, நாற்பது வருடம் ஒரு நாள் தவறாமல் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவரைக் கட்டிலில் புரட்டிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, நடக்கப் பழக்கும் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். வாசல் பலகையில் ‘மறுவாழ்வு மையம்’ என்று இருந்தது. யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். “குடிகாரனுங்கள சேக்கற எடத்துல கொண்டாந்து வுட்டீங்களேடா” என்று அன்று முழுக்க அழுதார். வாய் கோணி, பேச்சு குழறியது. அதட்டல் மட்டும் குறையவே இல்லை.

என் கணவர் வெங்கடேசன் வீட்டில் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். நான் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு அத்தையோடு தங்கினேன். நாத்தனார் பிரியதர்ஷினி ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்திலிருந்து வந்து, ஆப்பிள் வைத்துவிட்டுப் போவாள். அத்தைக்கு ஆப்பிள் பிடிக்காது. நான்தான் தின்றேன்.

பயிற்சி கொடுத்த பெண் சுகாசினி. இருபத்தைந்து வயதிருக்கும். வாய் நிறைய ‘அம்மா, அம்மா’ என்பாள், ஆனால் பிடித்தால் விடமாட்டாள். ஒரு நாள் எண்ணெய் தேய்க்கும்போது அத்தையின் வலது கால் பெருவிரல் துளியூண்டு அசைந்தது. நான் வராந்தாவுக்கு ஓடி வெங்கடேசனுக்கு போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை, அழுகைதான் வந்தது. மூன்றாவது வாரம் நின்றார். ஐந்தாவது வாரம் நாலு கால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்து நடந்தார். பயிற்சிக் கூடத்தில் மரத்தில் மூன்று படி செய்து வைத்திருந்தார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில். அத்தை நன்றாகவே ஏறி இறங்கினார்.

தகராறு எங்கள் அறை வாசலில்தான். கீழே கல் பதித்து விரல் உயரத்துக்கு ஒரு படி இருந்தது. வெளியே போகும்போது ஒன்றும் ஆகாது. உள்ளே வரும்போது வலது கால் இடித்துத் தடுக்கும். நான் தாங்கிப் பிடிக்காவிட்டால் முகம் பெயர்ந்துவிடும்.

“மூணு படி ஏறுறாங்க, இந்த ஒண்ணு முடியலியே. அதுவும் உள்ள வரும்போது மட்டும். கண்ணு டெஸ்ட் பண்ணலாமாக்கா?” என்றாள் சுகாசினி.

கண்ணில் ஒன்றுமில்லை. முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. மரப்படி வெறும் படி. இது வாசற்படி. வாசற்படிக்குள் வலது காலை வைத்துத்தான் வரவேண்டும் என்று அறுபத்துமூன்று வருடமாக உடம்பில் ஏறியிருக்கிறது. அந்த வலது கால்தான் இப்போது தூக்க வராத கால்.

தெரிந்தும் மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டு நானும் வெங்கடேசனும் வீட்டுக்கு வந்தோம். நான் காலனிப் பெண். அவர்கள் நிலம் வைத்திருந்த குடும்பம். யாரும் ஆரத்தி எடுக்கவில்லை. அத்தை மாட்டுக் கொட்டகையில் எங்களுக்கு முதுகைக் காட்டிச் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். வா என்று சொல்ல ஆள் இல்லை. நின்று நின்று பார்த்துவிட்டு, தடுமாறி உள்ளே போனேன். எந்தக் கால் என்று எனக்கு நினைவில்லை. முதுகைக் காட்டி நின்ற அத்தைக்கு எப்படியோ நினைவிருந்தது. கன்று செத்தது, மோட்டார் எரிந்தது, மாமனார் போனது எல்லாவற்றுக்கும், “எடது கால வெச்சி வந்தவ” என்ற ஒரே பேச்சுதான். சாதியைச் சொல்ல வாய் கூசும். காலைச் சொன்னால் தெருவே தலையாட்டும்.

அதனால்தான் மூன்று நாள் சும்மா இருந்தேன். தடுக்கட்டும் என்று மனசின் ஒரு மூலை சொன்னது.

நாலாவது நாள் பெரிய டாக்டர் வந்தார். “உங்க வீட்டுல மூணு படி, ஒரு வாசப்படி. வெள்ளிக்கிழமைக்குள்ள தடுக்காம உள்ள வந்தாத்தான் அனுப்புவேன். மறுபடி விழுந்தா இடுப்பு போயிடும்” என்றார். விஷயம் கேட்டதும் பிரியதர்ஷினி போனிலேயே முடிவு சொல்லிவிட்டாள்: “எங்க ஃபிளாட்டுல லிப்ட் இருக்குது. அம்மா இனிமே இங்கயே இருக்கட்டும்.”

போனால் அத்தை திரும்ப மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாடா என்று இருக்கவேண்டியவள் நான். ஆனால் அப்படித் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தலை வாரிவிடும்போது அத்தை சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “செவல சித்திரைல கன்னு போடும். என்னத் தவிர யாரயும் கிட்ட வுடாது.” கண்ணீர் வடிந்தது. துடைக்கப்போன வலது கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. நான் துடைத்துவிட்டேன்.

“அத்த, எடது கால மொதல்ல வை. தடுக்காது.”

“வாசப்படிக்குள்ள எடது கால வெச்சி எவ வருவா?”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. எனக்கும் கோபம் வந்துவிட்டது.

“நான் வந்தேனே! பதினோரு வருசமா செத்தா பூட்டேன்? உன் புள்ளைக்கு ஒரு வேள சோறு இல்லாம பூட்டுதா? இதோ, உன் தலைய வாரிக்கினுதான இருக்கேன்!”

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோணிய வாய் இன்னும் கோணியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு, “பின்னல இறுக்கிப் போடாத, வலிக்குது” என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் முன்னால் அறை வாசலில் இடது காலை வைத்து உள்ளே வந்தார். சுகாசினி கைதட்டினாள். “இது ஆஸ்பத்திரி வாசப்படிமா. வூட்டு வாசப்படி வேற” என்று அத்தை முணுமுணுத்தது என் காதில் மட்டும் விழுந்தது.

மறுநாள் ஆட்டோவில் வீடு வந்தோம். எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றார். மூன்று படியும் ஏறியாயிற்று. நான் வலது பக்கம் தாங்கிக்கொண்டிருந்தேன். ஆரத்தி சுற்றும் நேரத்தில் நாம் எதற்கு நடுவில் என்று, வெங்கடேசனைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கீழ்ப்படிக்கு இறங்கிக்கொண்டேன்.

“வலது கால எடுத்து வெச்சி வா பூவம்மா” என்றார் கிருஷ்ணம்மாள், வழக்கம்போல.

அத்தையின் வலது குதிகால் தரையை விட்டு எழும்பியது. எழும்பிய கால் அங்கேயே இறங்கியது.

“தே கிருஷ்ணம்மா, இரு. நதியா எங்க?”

“இங்கதான் அத்த.”

“அங்க இன்னா பண்ற? மேல வா.” ஊன்றுகோலால் தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார். நான் ஏறிப்போய் நின்றேன். அத்தை கிருஷ்ணம்மாளிடம் சொன்னார்: “இவளயும் சேத்து சுத்து. அன்னிக்கு நான் சுத்தல. பதினோரு வருசமா வெளியவே நின்னுக்கினு இருக்குது பொண்ணு.”

கிருஷ்ணம்மாள் தட்டை மூன்று முறை சுற்றி, இரண்டு பேர் நெற்றியிலும் பொட்டு வைத்தார். வெங்கடேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். அத்தை தன் முடியாத கையை என் தோளில் எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். கனமாக இருந்தது, சூடாகவும் இருந்தது.

“எந்தக் காலுடி?” என்று கேட்டார்.

“எடது.”

இரண்டு பேரும் இடது காலை வைத்து வீட்டுக்குள் போனோம்.