கண்டாக்கையாவின் தொண்டையும் ஏழு மாத பேண்டும்

அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருடம் கண்டாக்காக, கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்ப்பவனாக இருந்தேன். ஆபிஸ் கடிதங்களில் ஃபீல்ட் ஆபிசர் என்று போடுவார்கள். மலையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதில் ஏழு மாதம் நான் ஒரு நியூ மெட்டல் பேண்டின் பாடகன். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

1. பாடகனான விதம்

என் குரல் பெரியது. நான் கத்தினால் எதிர்மலையில் இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கத்தாமல் கொழுந்து வராது என்று உறுதியாக நம்பினேன். ஒருநாள் ஒரு கூடையைப் பார்த்துக் கோபம் வந்து, "யாரு புள்ள இது? கூடையில காடு வளக்குறியா? முத்தலும் காம்புமா கெடக்கு!" என்று திட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டோரக் கம்பத்தில் ஏறியிருந்த ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் செல்வம் இறங்கி ஓடி வந்தான். ஷாக் அடித்துவிட்டதோ என்று பயந்துவிட்டேன்.

"ஐயா, இன்னொருக்கா கத்துங்க."

"எதுக்குடா?"

"இதே சத்தத்துக்கு அமெரிக்காவுல டிக்கட் எடுத்துக்கிட்டு நிக்கிறாங்கய்யா."

அவனிடம் ஒரு சிடி இருந்தது. அமெரிக்காவில் நான்கு பேர் சேர்ந்து ஒரே ஒரு ஆல்பம் போட்டு, சண்டை பிடித்துக் கலைந்துவிட்டார்களாம். அந்த பேண்டின் பெயரைச் செல்வம் மூன்று விதமாகச் சொன்னான்; மூன்றும் என் வாயில் நுழையவில்லை. பாட்டைக் கேட்டேன். கித்தார் மேடேறும் லொறி போல உறுமியது. ஒருவர் கோபமாகப் பேசினார், பிறகு கத்தினார், கடைசியில் அழுதார். காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும்போது நான் தினமும் செய்வதுதான், அழுகையைத் தவிர.

செல்வம் கித்தார். லொறி டிரைவர் மைக்கல் டிரம்ஸ். ரெக்கோர்டைத் தேய்க்கிற ஒரு சத்தம் அந்தப் பாட்டுகளில் வரும். எங்களிடம் ரெக்கோர்ட் இல்லாததால் மைக்கல் இடது காலால் ஒரு தகரத்தை உரசினான். ஆங்கில வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் மலையில் திட்டுவதையே மெட்டில் போட்டேன். குறைவாகக் கொழுந்தெடுத்தால் பாதி நாள்தான் பதிவோம், அதற்கு அரைப்பேர் என்று சொல்வோம். பேண்டுக்கும் அரைப்பேர் என்றே பேர் வைத்தோம்.

2. ரசிகைகள்

முதல் கச்சேரி தோட்டத்துப் பொங்கல் விழாவில். இரண்டாவது பாட்டில் பூசாரி வீட்டுக்குப் போனார். மூன்றாவதில் மைதானமே காலி. ஆனால் என் மலையில் கொழுந்தெடுக்கும் நாற்பது பெண்களும் முன்வரிசையில் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த ராஜம்மாவின் வாய்க்கு நானே பயப்படுவேன். அவள் கைதட்டி, "ஒன்ஸ் மோர் ஐயா!" என்றாள். அதே பாட்டை ஐந்து தடவை பாடினேன்.

மறுநாள் பெரட்டில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

"பேசாதீங்கய்யா," என்று ராஜம்மா ஓடி வந்தாள். "தொண்டைய பாத்துக்கங்க. நாங்களே பாத்து எடுத்துக்கிறோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. குரல் திரும்ப மூன்று நாள் ஆனது. திரும்பிய அன்றே, "ஞாயித்துக்கெழம மட்டும் பழகுனா பத்தாதுங்கய்யா, புதன்கெழமயும் பாடிப் பழகுங்களேன்" என்று கேட்டார்கள். கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கப் போனால் ராஜம்மா கையிலிருந்து பிடுங்குவாள். "ஐயோ, இத குடிச்சா கொரல் சாதுவாயிரும்!" என்று சொல்லி ஐஸ் பாக்கெட் ஒன்றைத் தருவாள். அட்டன் குளிரில் நடுங்கிக்கொண்டே அதைச் சப்பினேன். கலைஞன் என்றால் சும்மாவா?

ஒருநாள் தோட்டத்து மேனேஜர் பெரிய தொர கூப்பிட்டு அனுப்பினார். சிங்களவர், ஆனால் தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"கண்டாக்கையா, ஒங்க மலையில சத்தமே இல்ல. என்ன நடக்குது?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"பரவாயில்ல, அப்படியே இருங்க. ஃபேக்டரியில ஒங்க கொழுந்துதான் இப்ப நல்லதுன்னு சொல்றாங்க."

என் சங்கீதம் கொழுந்தையும் வளர்க்கிறது என்று முடிவுகட்டினேன். மற்ற டிவிஷன் கண்டாக்குமாரைத் தேடிப்போய், வராத குரலில் இதை விளக்கவும் செய்தேன்.

3. நுவரெலியா

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு திறந்தவெளி மேடையில் பத்து நிமிடம் கிடைத்தது. நன்றாகப் போனால் கொழும்பில் பாடலாம் என்றான் செல்வம். நாற்பது பேரும் மைக்கலின் லொறியில் வந்து இறங்கினார்கள். மேடையேறுமுன் அவர்களுக்கு நன்றி சொல்லலாம் என்று போனேன். வேறு தோட்டத்துப் பெண் ஒருத்தி ராஜம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

"என்னக்கா, இந்த மனுசன் கத்துறத கேக்கவா அம்புட்டு தூரத்துல இருந்து வந்தீங்க?"

ராஜம்மா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். "என்னா சொன்ன?"

அந்தப் பெண் திரும்பவும் கேட்டாள்.

"கேக்குறதுக்கா வந்தோம்? இங்க கத்தித் தீத்துட்டாருன்னா வியாழக்கெழம வரைக்கும் மலையில நிம்மதி. எம் மகளுக்கு முன்னால ஒருநா என்னைய நாயின்னாரு. அதயே பாட்டுல கேட்டா சிரிப்பு வருது. மலையில அழுகதான் வந்துச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளை அப்படிச் சொன்ன நாளை யோசித்துப் பார்த்தேன், ஞாபகமே இல்லை. அது இன்னும் வெட்கமாக இருந்தது.

மேடையில் செல்வம் கித்தாரைத் தட்டினான். எதிரே நாற்பது முகங்கள். வாயைத் திறந்தேன். அந்த வார்த்தைகளைக் கத்த முடியவில்லை. அத்தனை உறுமலுக்கு நடுவே, "கொழுந்த பாத்து எடுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசை மட்டும் சிரிக்கவில்லை. குரல் அப்படியே மிச்சமாகிவிடுமே என்று அவர்களுக்குக் கலக்கம்.

"கத்துங்கய்யா!" என்று கெஞ்சினாள் ராஜம்மா. "தயவுசெஞ்சு கத்துங்க!"

மூன்றாவது நிமிடம் மைக்கை நிறுத்திவிட்டார்கள். அரைப்பேரின் கதை அங்கேயே முடிந்தது. செல்வம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு கட்டாருக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை பெரட்டுக்குப் போனேன். தொண்டை மணி மாதிரி இருந்தது. நாற்பது பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நான் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, "குரல் போயிருச்சும்மா, நீங்களே பாத்து எடுங்க" என்று கரகரத்தேன்.

ராஜம்மா கிட்டே வந்தாள். "நேத்து கத்தவே இல்லையே. எப்படிங்கய்யா போச்சு?"

"பனி ஒத்துக்கல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, "சரிங்கய்யா. இனி எப்பவுமே பனிதான்," என்றாள்.

ஓய்வு பெறும்வரை ஒன்பது வருடம் எனக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்து ஒருநாளும் கெட்டுப்போகவில்லை. கத்தினால்தான் வேலை நடக்கும் என்று நினைக்கிற கண்டாக்குமாரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்தியே ஆகவேண்டும் என்றால், ஒரு பேண்டில் சேர்ந்துவிடுங்கள்.