குழி அடைத்த ரோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனுக்குப் பஸ் வராது. கீழே தொழிற்சாலைச் சந்தியோடு திரும்பிவிடும். அங்கிருந்து எங்கள் லயத்து வீடுகள்வரை ஒரே ஏற்றம். ஆட்டோக்காரர்கள் அந்த ரோட்டின் பெயரைச் சொன்னாலே தலையை ஆட்டிவிடுவார்கள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் மனைவியின் இருதயத்தைச் சோதித்த டாக்டர், "மேடு ஏறக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார். மேட்டில் பிறந்து மேட்டிலேயே கொழுந்து பறித்தவளிடம் அதைச் சொன்னார். கிளினிக்குக்குப் போவது இறக்கம். திரும்பி வருவதுதான் அவளை வதைத்தது. திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து வருவாள். லயத்துக்கு வந்து சேரும்போது உதடு நீலம் பாரித்திருக்கும்.

பஸ் கேட்டால், "அது கம்பெனி ரோடு, அரசாங்கக் காசு போட முடியாது" என்பார்கள் அரசாங்கத்து ஆட்கள். கம்பெனியைக் கேட்டால், "பஸ் விடுவது அரசாங்கத்தின் வேலை" என்று பதில் வரும். ஒருவரை ஒருவர் கைகாட்டியே எங்கள் ஆயுளைக் கழித்துவிட்டார்கள்.

பிறகு ஒரு திட்டம் வந்தது. தோட்டத்து ரோடுகளைத் திருத்திப் பஸ் விடப் போகிறார்களாம். நேரில் வந்து பார்த்து, மிகவும் மோசமான ரோட்டுக்கு முதலில் காசு கொடுப்பார்களாம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்துத் தோட்டத் தலைவர் இதைச் சொன்னார். சொன்ன வாயாலேயே, "பெரியவங்க வர்றாங்க. ரோடு கெடக்கிற கெடையப் பாத்தா நமக்குத்தான் கேவலம்" என்றும் சொன்னார்.

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. தோட்டத்துத் தொரை வருகிறார் என்றால் தண்ணீர் ஓடும் கானை வெட்டுவதும், புல்லைச் செதுக்குவதும், ரோட்டோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் எங்கள் ரத்தத்தில் ஊறியவை. வருகிறவர் எதற்கு வருகிறார் என்று கேட்கும் பழக்கம் மட்டும் எங்களுக்குக் கிடையாது. ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய், கல்லும் மண்ணும் போட்டுக் குழிகளையெல்லாம் அடைத்தோம். திருப்பத்துக் கற்களுக்கு நான் சுண்ணாம்பு அடித்தேன்.

என் மனைவி வாசலில் வந்து நின்று பார்த்தாள். "ஏன் தம்பி, டாக்டர்கிட்டப் போறப்ப யாராச்சும் நோவ மறைச்சுக்கிட்டுப் போவாங்களா?" என்று தலைவரைக் கேட்டாள். மண்வெட்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"நீங்க சும்மா இருங்கக்கா. வர்றவங்களுக்கு ஒரு மாலை கட்டித் தாங்க."

"ரோடு வரட்டும், ஒங்களுக்கே கட்டிப் போடுறேன்."

அதிகாரியின் ஜீப் குலுங்காமல் மேலே வந்து நின்றது. அவர் இறங்கினார், மாலையை வாங்கிக்கொண்டார், வடை தின்றார், வெள்ளைக் கற்களை வரிசையாகப் பார்த்தார். "பார ஹொந்தய்னே" என்றார் டிரைவரிடம். ரோடு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். எங்களுக்குச் சிங்களம் தெரியாதா என்ன? ஆனாலும் தலைவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெரிய ஆட்களுக்கு முன்னால் எப்போதுமே வாய் வராது.

ரோட்டுக்குக் காசு வரவில்லை. சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினார்கள். தரையெல்லாம் டைல்ஸ். சுவரில் கட்டிக் கொடுத்தவர்களின் படங்கள், ரோட்டைவிட அகலமான சிரிப்போடு. அந்த வருட மழைக்கே எங்கள் குழிகள் மறுபடி வாயைத் திறந்துவிட்டன. கிளினிக்கிலிருந்து வந்து அந்தப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து, "மூச்சு வாங்கறதுக்கு எடம் கட்டிக் குடுத்திருக்காங்க, மகராசனுங்க" என்றாள் அவள்.

அடுத்த வருடம் மறுபடி பார்க்க வருகிறார்கள் என்றதும், என் மனைவி தலைவர் வீட்டு வாசலுக்கே போய், "இந்தத் தடவ ஒருத்தன் மண்வெட்டியத் தொட்டா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒருவரும் தொடவில்லை. குழிகள் தண்ணீரோடு காத்துக் கிடந்தன.

அன்று அவளுக்குக் கிளினிக். கூட்டி வருவதற்காகச் சந்திக்கு இறங்கிப் போனேன். அவள் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏற்றத்தின் அடியில் ஜீப் நின்றது. உள்ளே வேறொரு அதிகாரி. டிரைவர் ரோட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். கூட வந்த தமிழ் கிளார்க் எங்களிடம் வந்தார்.

"வாகனம் ஏறாது. மேல போய்ப் பாக்காம நாங்க ஒண்டும் எழுத ஏலாது. வேற தோட்டத்தப் பாப்பம்."

குழியை அடைத்தால் ரோடு நல்ல ரோடு. அடைக்காவிட்டால் பார்க்கவே முடியாத ரோடு. எப்படிப் போனேன் என்று தெரியாது, ஜீப்பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எறங்கி நடந்து வந்து பாருங்க மாத்தயா" என்றேன், சிங்களத்திலேயே.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஏற்றத்தைப் பார்த்தார், தன் சப்பாத்தைப் பார்த்தார், சிரித்தார். கண்ணாடி மேலே ஏறியது.

"விடுங்க" என்று என் மனைவி எழுந்து வந்தாள். "அவருக்கும் டாக்டர் மேடு ஏறக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு."

ஜீப் திரும்பிக் கீழே போனது. நாங்கள் ஏறத் தொடங்கினோம். முதல் திருப்பத்தில், போன வருடம் நான் சுண்ணாம்பு அடித்த கல்லின் மேல் அவள் உட்கார்ந்தாள்.